குழந்தைக்கு இணைய முகவரியைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி: கத்தரிக்கோலில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஒரு இணைய முகவரியைக் காட்டி "இது யாருடைய தளம்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான குழந்தைகள் இடப்பக்கத்தில் முதலில் கண்ணில் படும் சொல்லைச் சொல்வார்கள். இடமிருந்து வலமாகப் படித்தே பழகியவர்கள், வேறு என்ன செய்வார்கள்? முகவரியில் ஒரு துண்டை மட்டும் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

நான் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய புதிதில் சர்வர் (கேட்டதை அனுப்பித் தரும் கணினி), டிஎன்எஸ், ஐபி எண் என்று உள்வேலையிலிருந்து ஆரம்பித்தேன். பத்தாவது நிமிடத்தில் பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது வரிசையைத் தலைகீழாக்கிவிட்டேன். முதலில் வெட்டுவது, அடுத்து கடைசித் துண்டைப் பார்ப்பது, அதன் பிறகு பெயர். உள்வேலை அதற்கப்புறம்தான். எட்டு வயதுக்கு மேற்பட்ட, ஆங்கிலச் சிறிய எழுத்துகளை அடையாளம் காணத் தெரிந்த குழந்தைக்கு இது போதும். ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நீளமான காகிதப் பட்டைகள் பத்து, கத்தரிக்கோல், மூன்று நிறப் பென்சில்கள், ஒரு கணினி. கைப்பேசி வேண்டாம். சின்னத் திரையில் பிரவுசர்கள் முகவரியைச் சுருக்கித்தான் காட்டும். முழுதாக இல்லாத ஒன்றை வெட்டிக் காட்ட முடியாது.

கணினியிலும் ஒரு சிக்கல் உண்டு. க்ரோம் போன்ற பிரவுசர்கள் முகவரியின் தொடக்கத்தை மறைத்துவிடும். முகவரிப் பட்டைக்குள் இரண்டு முறை சொடுக்கினால் முழுதும் தெரியும். குழந்தை உட்காருவதற்கு முன்பே நீங்கள் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

பயிற்சிக்கு எக்ஸாம்பிள்.காம் என்ற முகவரியை வைத்துக்கொள்ளுங்கள். பாடங்களில் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட பெயர் அது. யாரும் அதை வாங்க முடியாது. திறந்தால் சில வரிகள் கொண்ட ஒரு பக்கம் வரும், அவ்வளவுதான். மனம்போன பெயரை நீங்களே உருவாக்கிப் பட்டையில் எழுதினால், குழந்தை அதைத் தட்டச்சு செய்து எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. இங்கே அதை 'உதாரணம்.காம்' என்று தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் பட்டையில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. தேடும் பெட்டி வேறு, முகவரிப் பட்டை வேறு

இதைத் தாண்டிவிட்டு மேலே போகாதீர்கள். பல பிள்ளைகள் முழு முகவரியையும் தேடும் பெட்டியில் போட்டு, வரும் பட்டியலில் முதலாவதைத் தொடுவார்கள். முதலாவது விளம்பரமாக இருக்கலாம்.

தேடுவது என்றால் "இந்தப் பெயரில் யார் இருக்கிறார்கள்?" என்று ஒருவரிடம் விசாரிப்பது. முகவரி போடுவது என்றால் நேரே அந்த வீட்டுக்கே போவது. இப்போதைய பிரவுசர்களில் இரண்டும் ஒரே பட்டையில் நடப்பதால் குழப்பம் கூடியிருக்கிறது. புள்ளியோடு, இடைவெளி இல்லாமல் எழுதினால் பொதுவாக முகவரி. இடைவெளி விட்டால் தேடல். எக்ஸாம்பிள்.காம் என்பதை ஒருமுறை புள்ளியோடும், ஒருமுறை புள்ளிக்குப் பதில் இடைவெளி விட்டும் குழந்தையையே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். இரண்டு திரைகளும் வேறு வேறாக வரும்.

2. முதல் ஒற்றைச் சாய்கோட்டில் வெட்டுங்கள்

பட்டையில் இப்படி எழுதுங்கள்:

எச்டிடிபிஎஸ்://கதை.உதாரணம்.காம்/விலங்குகள்/யானை

கத்தரிக்கோலைக் குழந்தையிடம் கொடுத்து, "தனியாக நிற்கும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடி, அதற்குச் சற்று முன்னால் வெட்டு" என்று சொல்லுங்கள். 'தனியாக' என்ற சொல்லை அழுத்திச் சொல்லுங்கள். ஒருமுறை நான் அதை விழுங்கிவிட்டேன். ஒரு சிறுமி இரட்டைச் சாய்கோட்டிலேயே வெட்டிவிட்டு, கையில் விழுந்த 'எச்டிடிபிஎஸ்:' துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்குள்ள யாருமே இல்லையே" என்றாள். சரியாகத்தான் கேட்டாள்.

இரட்டைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது பேசும் முறையைச் சொல்கிறது. எச்டிடிபிஎஸ் என்றால் நம் கணினிக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகும் செய்தியை வழியில் இருப்பவர்கள் படிக்க முடியாது. கடைசியில் எஸ் இல்லாவிட்டால் படிக்க முடியும். அந்தத் துண்டையும் வெட்டி ஓரமாக வையுங்கள்.

இப்போது நடுவில் மிஞ்சுவது கதை.உதாரணம்.காம். யாருடைய தளம் என்ற கேள்விக்கு விடை இதற்குள் மட்டும்தான் இருக்கிறது. வெட்டுவதை முதலில் வைத்ததற்குக் காரணம் இதுதான். சாய்கோட்டுக்குப் பின்னால் யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம். அங்கே புகழ்பெற்ற ஒரு பெயர் இருந்தால் குழந்தையின் கண் நேராக அங்கேதான் போகும்.

3. நடுத்துண்டை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள்

உறையில் எழுதும் முகவரியைக் காட்டி இதை விளக்குவது வழக்கம். ஆளின் பெயர், தெரு, ஊர், நாடு என்று கடைசி வரிதான் எல்லாவற்றிலும் பெரியது. இங்கும் அப்படியே. ஆனால் தமிழ் இலக்கணம் படிக்கும் குழந்தைக்கு அதைவிட நல்ல உவமை கையிலேயே இருக்கிறது: பகுதியும் விகுதியும்.

'வந்தான்' என்ற சொல்லில் கடைசியில் நிற்கும் 'ஆன்' விகுதி, வந்தது ஆண் என்று சொல்லிவிடுகிறது. அதுபோல உதாரணம்.காம் என்பதில் 'காம்' விகுதி. எந்த வகைப் பட்டியலில் அந்தப் பெயர் பதிவாகியிருக்கிறது என்று அது சொல்கிறது. அதற்கு இடப்பக்கத்தில் ஒட்டி நிற்கும் 'உதாரணம்' பகுதி. பகுதியும் விகுதியும் சேர்ந்ததுதான் டொமைன், உரிமையாளரின் பெயர்ப்பலகை.

விகுதிக்கு ஒரு நிறம், பகுதிக்கு இன்னொன்று. மீதியிருக்கும் 'கதை'க்கு மூன்றாவது நிறம். உரிமையாளர் தன் வீட்டுக்குள் கட்டிக்கொண்ட அறை அது. அறைக்கு அவர் என்ன பெயரும் வைக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ என்பதும் அப்படி ஒரு அறைதான். அது எல்லா முகவரியிலும் இருந்தே ஆகவேண்டும் என்று பெரியவர்களே பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

உடனே நிஜமான ஒன்றைத் திறந்து காட்டுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரி டிஏ.விக்கிப்பீடியா.ஆர்க். முன்னால் நிற்கும் டிஏ தமிழுக்கான மொழிக்குறி. அதை அழித்துவிட்டு எச்ஐ என்று போடச் சொல்லுங்கள். இந்தி விக்கிப்பீடியா வரும். ஈஎன் போட்டால் ஆங்கிலம். அறை மாறுகிறது, வீட்டுக்காரர் மாறவில்லை. பத்து நிமிடம் பேசிப் புரியவைக்க வேண்டியதை இந்த மூன்று தட்டச்சுகள் செய்துவிடும்.

4. விகுதிகளைக் குவியலாகப் பிரியுங்கள்

இன்று 1,400-க்கும் மேற்பட்ட விகுதிகள் இருக்கின்றன. பட்டியலை மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். எந்தக் குவியல் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

முதல் குவியல் நாட்டு விகுதிகள். ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து இருந்தால் அது நாட்டுக்கோ ஆட்சிப்பகுதிக்கோ உரியது. விலக்கு மிக அரிது: ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈயு போல. இன் இந்தியா, எல்கே இலங்கை, எஸ்ஜி சிங்கப்பூர், எம்ஒய் மலேசியா. சில எழுத்துகள் அந்த நாட்டவர் தங்கள் நாட்டை அழைக்கும் பெயரிலிருந்து வந்தவை. ஜெர்மனிக்கு டிஇ, ஏனென்றால் அவர்கள் மொழியில் அது டாய்ச்லாண்ட். சுவிட்சர்லாந்தின் சிஎச் அதன் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. இதை ஊகிக்கும் விளையாட்டாக வைத்தால் பிள்ளைகள் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டிவி என்று முடிந்தால் தொலைக்காட்சி என்று நினைப்பார்கள். அது துவாலு என்ற சின்னஞ்சிறு தீவு நாட்டின் விகுதி. ஏஐ என்பது செயற்கை நுண்ணறிவுக்காக உண்டானதல்ல. அங்குவிலா என்ற கரீபியத் தீவுடையது. வெளியாட்களும் வாங்கலாம் என்று அவர்கள் அனுமதிப்பதால் உலகெங்கும் பயன்படுகின்றன. ஆகவே நாட்டு விகுதி இருப்பதாலேயே தளம் அந்த நாட்டில்தான் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

நாட்டு விகுதி தமிழ் எழுத்திலும் உண்டு என்பதை மறக்காமல் காட்டுங்கள்: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர். கணினி உள்ளுக்குள் இவற்றை 'எக்ஸ்என்' என்று தொடங்கி இரண்டு சிறுகோடுகளோடு நீளும் ஆங்கில எழுத்து வரிசையாக மாற்றிக்கொள்ளும். முகவரிப் பட்டையில் திடீரென்று அப்படி ஒரு கிறுக்கல் தெரிந்தால் அது பழுதல்ல, வேறு மொழி எழுத்து.

இரண்டாவது குவியல் பொது விகுதிகள்: காம், நெட், ஆர்க், இன்ஃபோ போன்றவை. காம் வணிகத்துக்கு, ஆர்க் தொண்டு அமைப்புகளுக்கு என்று எண்ணித்தான் தொடங்கினார்கள். இன்று இரண்டையும் யாரும் வாங்கலாம். 'ஆர்க் என்றால் நம்பலாம்' என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பதை இன்னும் பார்க்கிறேன். தயவுசெய்து சொல்லாதீர்கள். பொய் சொல்பவரும் பணம் கட்டி ஆர்க் வாங்க முடியும்.

மூன்றாவது குவியல் தகுதி பார்த்துத் தருபவை. கவ் அமெரிக்க அரசு அமைப்புகளுக்கு, எட்யு அங்கீகாரம் பெற்ற அமெரிக்கக் கல்வி நிறுவனங்களுக்கு, மில் அமெரிக்க ராணுவத்துக்கு, இன்ட் நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தத்தால் உருவான அமைப்புகளுக்கு. இங்கே மட்டும் விகுதி ஓரளவு ஆள் யார் என்று சொல்லும்.

5. விகுதி இரட்டையாக வரும் இடம்

கடைசி இரண்டு துண்டுகள்தான் உரிமையாளர் என்று விதி போட்டு முடித்துக்கொண்டால், கோ.யுகே என்று முடியும் முகவரியில் குழந்தை மாட்டிக்கொள்ளும். பிரிட்டனில் 'கோ.யுகே' முழுவதும் விகுதி. ஏசி.இன், கவ்.இன், காம்.ஏயு ஆகியவையும் அப்படியே. அங்கே பெயரைத் தேட இன்னும் ஒரு துண்டு இடப்பக்கம் போக வேண்டும்.

அடையாளம் காண எளிய வழி: கடைசித் துண்டு இரண்டெழுத்து நாட்டுக்குறி, அதற்கு முந்தையது கோ, ஏசி, காம், கவ் போன்ற வகைச்சொல் என்றால் இரண்டையும் ஒரே நிறத்தில் தீட்டச் சொல்லுங்கள். பிரவுசர்களுக்கே இந்த விஷயத்தில் தனி விதி எழுத முடியவில்லை. மொசில்லாவின் பொறுப்பில் இருக்கும் ஒரு நீண்ட பட்டியலைப் பார்த்துத்தான் அவையும் முடிவு செய்கின்றன.

வாடகை வீடுகளும் உண்டு. பிளாக்ஸ்பாட்.காம், கிட்ஹப்.ஐஓ என்று முடியும் முகவரிகளில் வீட்டுக்காரர் ஒரு பெரிய நிறுவனம். உள்ளே எழுதுபவரோ முன்னால் நிற்கும் பெயருக்குரிய குடித்தனக்காரர். அவர் எழுதுவதற்கு நிறுவனம் உத்தரவாதம் இல்லை. பத்து வயதுக்குக் கீழே என்றால் இந்தப் பகுதியை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

6. பெயரை யார், எப்படி வாங்குகிறார்கள்

"நான் என் பேரில் ஒண்ணு வெச்சுக்கலாமா?" என்ற கேள்வி இந்நேரத்துக்குள் வந்துவிடும். வராவிட்டால் நீங்களே கேளுங்கள்.

விதிகள் கொஞ்சம்தான். ஆங்கில எழுத்து, எண், நடுவில் சிறுகோடு. சிறுகோட்டில் தொடங்கவோ முடியவோ கூடாது. இடைவெளி கூடாது. ஒரு துண்டில் அதிகபட்சம் 63 குறிகள், முழுப் பெயரும் 253-க்குள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே ஒன்றே. சாய்கோட்டுக்குப் பின்னால் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது; அங்கே ஒரு எழுத்தின் அளவு மாறினாலும் பக்கம் காணவில்லை என்று வரலாம்.

ஒரே விகுதியின் கீழ் ஒரு பெயர் ஒருவருக்குத்தான். ஆனால் உதாரணம்.காம் ஒருவரிடமும், அதே பெயர் நெட் விகுதியோடு வேறொருவரிடமும் இருக்கலாம். 'வந்தான்', 'வந்தாள்' என்று விகுதி மாறினால் ஆளே மாறுவதுபோல.

வாங்குவது என்று சொன்னாலும் உண்மையில் அது குத்தகைதான். காம் விகுதியை ஒரு தடவையில் 1 முதல் 10 ஆண்டுகள் வரை எடுக்கலாம். புதுப்பிக்க மறந்தால், சில வாரத் தவணைக்குப் பிறகு பெயர் கைவிட்டுப் போய், வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். பழைய புத்தகத்தில் அச்சான முகவரி இன்று சம்பந்தமே இல்லாத எங்கோ கொண்டுபோய் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

7. பெயர் எண்ணாக மாறுவதை நடித்துக் காட்டுங்கள்

கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் கூப்பிடும். பழைய வகை எண் 192.0.2.44 போல நான்கு துண்டுகளாக இருக்கும். ஒவ்வொரு துண்டும் 0 முதல் 255-க்குள். மனிதர்களுக்கு இது நினைவில் நிற்காது. பெயரைக் கொடுத்தால் எண்ணைக் கண்டுபிடித்துத் தரும் ஏற்பாட்டுக்குத்தான் டிஎன்எஸ் என்று பெயர்.

நான்கு பேர் வேண்டும். ஒருவர் விசாரிப்பவர், அவர் கையில் கேள்வி: "கதை.உதாரணம்.காம், எண் என்ன?" மற்ற மூவர் நாற்காலியில், கையில் ஆளுக்கொரு சீட்டு.

வேர் என்பவரின் சீட்டில் "காம் பற்றி இரண்டாவது நாற்காலியைக் கேள்" என்று மட்டும் இருக்கும். இரண்டாமவர் காம் விகுதிக்காரர். அவர் சீட்டில் "உதாரணம் பற்றி மூன்றாவது நாற்காலியைக் கேள்". மூன்றாமவரின் சீட்டில்தான் எண் இருக்கும். விசாரிப்பவர் ஒவ்வொருவரிடமும் தானே நடந்துபோய்க் கேட்க வேண்டும். சீட்டைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்புவதுபோல நடிக்கவைப்பது வழக்கமான தவறு; நிஜத்தில் விசாரிக்கும் சர்வர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டுத் திரும்புகிறது.

இன்னொரு தவறு எப்போதும் நடக்கும். வேராக உட்கார்ந்த பிள்ளைக்கு எண் ஏற்கனவே தெரியும், நீங்கள் எழுதும்போது பார்த்திருக்கும். ஆர்வம் தாங்காமல் கத்திவிடும். "உன் சீட்டில் இல்லாததைச் சொல்லக் கூடாது" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முழு விடையும் ஒரே இடத்தில் இல்லை என்பதைக் காட்டத்தான் இந்த நாடகமே. கேட்கும் வரிசையையும் கவனிக்கச் சொல்லுங்கள்: முதலில் காம், பிறகு உதாரணம். வலமிருந்து இடம்! மூன்றாவது படியில் ஏன் அப்படிப் படித்தோம் என்பதற்கு விடை இங்கே தானாக வந்து விழும்.

வேர் சர்வர்களுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள் உண்டு. 13 கணினிகள் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பெயர்களில் உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகல்கள் இயங்குகின்றன.

இரண்டாம் சுற்றில் அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். விசாரிப்பவர் நடக்கவே வேண்டாம், விடையை நினைவில் வைத்திருப்பார். எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பதையும் மூன்றாமவர்தான் சொல்லியிருப்பார். தளம் வேறு சர்வருக்கு மாறிய பிறகும் சிலருக்குக் கொஞ்ச நேரம் பழையதே தெரிவது இந்த நினைவால்தான்.

8. சாய்கோட்டுக்குப் பின்னால்

இரண்டாவது படியில் வெட்டி வைத்த வால்துண்டை இப்போது எடுங்கள். இங்கே வழக்கம்போல இடமிருந்து வலம்: அலமாரி, தட்டு, புத்தகம். /விலங்குகள்/யானை என்றால் விலங்குகள் தட்டில் யானை.

கேள்விக்குறி இருந்தால் அதன் பின்னால் வருவது தளத்துக்கு நாம் கொடுக்கும் கூடுதல் குறிப்பு, தேடிய சொல் போல. எண்குறி (#) இருந்தால் அந்தப் பக்கத்தில் எந்த இடத்துக்கு இறங்க வேண்டும் என்பது.

கோப்பின் வாலை விகுதியென்று எண்ணும் பிள்ளைகள் நிறைய. பிடிஎஃப், ஜேபெக் என்று கடைசியில் பார்த்ததும் அதற்கு நிறம் தீட்டிவிடுவார்கள். வெட்டிய பிறகுதான் நிறம் என்ற வரிசையை விடாமல் பிடித்தால் இந்தத் தவறு வராது. 2023 முதல் ஜிப் என்பது நிஜமாகவே டொமைன் விகுதியாகவும் விற்கப்படுவதால், சொல்லை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியாவில் 'யானை' பக்கத்தைத் திறந்து முகவரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் யானை காணாமல் போய், சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக 36 குறிகள் வந்து நிற்கும். ய, கால், ன, ஐகாரக் குறி என்று நான்கு துண்டு. ஒவ்வொன்றும் கணினிக்கு மூன்று பைட்டு. ஒவ்வொரு பைட்டும் மூன்று குறி. குழந்தை தானே எண்ணிப் பார்க்கட்டும்.

9. போலி முகவரியைப் பிடிக்கும் பயிற்சி

இதை இரண்டாம் நாளுக்கு வையுங்கள். நிறம் தீட்டுவது தானாக வரும்வரை காத்திருக்க வேண்டும். முந்திக்கொண்டால் பயம் மட்டும்தான் மிஞ்சும்.

முதல் பட்டை: வங்கி.உதாரணம்.காம். இரண்டாவது: வங்கி-உதாரணம்.காம். முதலாவதில் வீட்டுக்காரர் 'உதாரணம்'. இரண்டாவதில் 'வங்கி-உதாரணம்' என்று வேறு ஒருவர். புள்ளி பிரிக்கும், சிறுகோடு ஒட்டும். பெரியவர்களும் தவறவிடுவது இதைத்தான். என் பயிற்சியில் இந்த இணையை மூன்று தடவையாவது போடுகிறேன்.

மூன்றாவது: வங்கி.காம்.உதாரணம்.நெட்/நுழை. இடமிருந்து படித்தால் வங்கி. வெட்டி வலமிருந்து படித்தால் உதாரணம்.நெட். நடுவில் வரும் காம் வெறும் அறையின் பெயர்.

நான்காவது: எச்டிடிபிஎஸ்://வங்கி.காம்@உதாரணம்.நெட். சாய்கோட்டுக்கு முந்தைய துண்டில் அட் குறி இருந்தால் அதற்கு முன்னால் இருப்பது பயனர் பெயர் என்றே கணினி எடுத்துக்கொள்ளும். போகும் இடம் அதற்குப் பின்னால் உள்ளது.

எழுத்து ஏமாற்றுகளுக்குப் பென்சிலே போதும். ஆங்கிலச் சிறிய ஆர், என் இரண்டையும் நெருக்கி எழுதினால் எம் போலத் தெரியும். எல் எழுத்துக்கு எண் ஒன்று, ஓ எழுத்துக்குப் பூஜ்யம். குழந்தையை நடித்து ஏமாற்றச் சொல்லுங்கள், நீங்கள் ஏமாறுங்கள். ஏமாற்றும் கை தன்னுடையதாக இருக்கும்போது நன்றாகப் பதிகிறது.

லிங்க்குகளில் எழுதியிருப்பது ஒன்றாகவும் போகும் இடம் வேறாகவும் இருக்கலாம். கணினியில் சுட்டியை மேலே வைத்தால் திரையின் அடியில் உண்மையான முகவரி தெரியும். தொடாமல் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை இங்கே ஏற்படுத்திவிடுங்கள்.

பூட்டுப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'பூட்டு இருந்தால் பாதுகாப்பு' என்று சொல்லிக்கொடுத்திருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். வழியில் யாரும் படிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் திருடனாக இருந்தாலும் பூட்டு இருக்கும். இந்தக் குழப்பத்தாலேயே க்ரோம் 2023-இல் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டை எடுத்துவிட்டு வேறு படம் வைத்தது.

10. கற்றுக்கொண்டதா என்று பார்ப்பது

கத்தரிக்கோலும் பென்சிலும் இல்லாமல், திரையில் ஒரு நீண்ட முகவரியைக் காட்டி, "வீட்டுக்காரர் மேல் விரல் வை" என்று மட்டும் சொல்லுங்கள். விரல் முதலில் சாய்கோட்டைத் தேடிப் போய், அங்கிருந்து இடப்பக்கமாக நகர்ந்தால் சரி. நேராகப் பெயரில் போய் நின்றால், விடை சரியாக இருந்தாலும் ஏற்காதீர்கள். தெரிந்த பெயர் என்பதால் ஊகித்திருக்கும். தெரியாத பெயரும் கோ.யுகே விகுதியும் உள்ள ஒன்றைக் கொடுத்து மறுபடி விரலைப் பாருங்கள்.